28க்கு வாங்கிய பங்கு 17இல் நிற்கிறது: விற்கக் கை வராதது ஏன்?

கேள்வி சுருக்கமாக இதுதான். வெள்ளவத்தையில் இருக்கும் ஒருவர், தன் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் வாங்குகிறார்கள் என்று ஒரு சிறிய கம்பனியின் 10,000 பங்குகளை 28 ரூபாய்ப்படி வாங்கினார். எட்டு மாதம் போய்விட்டது. விலை இப்போது 17 ரூபாய். குழுவில் இன்னும் அதே ஆக்கள்தான். "விற்காதே, இன்னும் 10,000 வாங்கிச் சராசரியைக் குறை" என்கிறார்கள். விற்கவும் மனம் வரவில்லை, வாங்கவும் பயம். இதில் கணக்கு எவ்வளவு, மனம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்கிறார்.

பிரிக்கலாம். முதலில் கணக்கு, அதுதான் சுலபம்.

கொழும்புப் பங்குச் சந்தையில் 10 கோடி ரூபாய் வரையான கொடுக்கல் வாங்கலுக்கு மொத்தக் கட்டணம் 1.12%. தரகர் கூலி 0.64%, பங்குப் பரிமாற்ற வரி 0.30%, மீதி சந்தைக்கும், பங்குகளைக் கணக்கில் வைத்திருக்கும் சிடிஎஸ் என்ற மத்திய வைப்பகத்துக்கும், சந்தையைக் கண்காணிக்கும் பிணையங்கள் ஆணைக்குழுவுக்கும் போகிறது. வாங்கும்போதும் இது உண்டு, விற்கும்போதும் உண்டு. ஆகவே 10,000 பங்குக்குக் கையை விட்டுப் போனது 2,80,000 இல்லை, 2,83,136 ரூபாய். நட்டமில்லாமல் வெளியே வர வேண்டுமானால் 28.60 போதாது, 28.70க்கு விற்க வேண்டும். இன்று 17.00க்கு விற்றால் கைக்கு வருவது 1,68,096. நட்டம் 1,15,040.

17இலிருந்து 28.70க்கு ஏற விலை சுமார் 69% கூட வேண்டும். இறங்கியது 39%தானே என்று பலர் அதே அளவு ஏறினால் போதும் என நினைக்கிறார்கள். அது தப்புக் கணக்கு.

இனிச் சராசரி குறைக்கும் யோசனை. இன்னும் 10,000 பங்கை 17க்கு வாங்கினால் 1,71,904 ரூபாய் போகும். மொத்தம் 4,55,040, பங்கு 20,000, சராசரி ஏறத்தாழ 22.75. விற்கும் கட்டணத்தையும் சேர்த்தால் 23.10க்கு விற்றால்தான் தப்பலாம். 69% ஏற வேண்டியது 36% ஆகிவிட்டது, பார்க்க நல்லாயிருக்கிறது. ஆனால் முன்பு விலை ஒரு ரூபாய் இறங்கினால் 10,000 ரூபாய் போகும், இனி 20,000 போகும். கம்பனியைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரியாமல் ஆபத்தை மட்டும் இரட்டிப்பாக்கியாயிற்று. குழுவில் இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. அவர்களும் அதே பங்கை வைத்துக்கொண்டு, வாங்குவதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இது கணக்கு. இனி மனம்.

உங்களைப் பிடித்து வைத்திருப்பது கம்பனி இல்லை, 28.70 என்ற அந்த எண். அந்த எண் உங்கள் கணக்கில் மட்டும்தான் இருக்கிறது. சந்தையில் நிற்கும் அடுத்தவருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் அவருக்கு அதனால் ஒன்றும் இல்லை. ஆனால் பங்கு வாங்கி விற்கும் ஏட்ரேட் செயலியைத் திறந்த ஒவ்வொரு முறையும் சராசரி விலைக்குப் பக்கத்தில் சிவப்பில் நட்டம் எழுதியிருக்கும். அந்தச் சிவப்பு இன்னும் காசாகவில்லை, விற்றால்தான் காசாகும் என்று மனம் கணக்குப் போடுகிறது. விற்காத வரைக்கும் தோற்கவில்லை. விற்றால் தோல்வி பதிவாகிவிடும். இதுதான் கை வராததன் முதல் காரணம்.

இது உங்களுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. அமெரிக்காவில் ஒரு தரகு நிறுவனத்தின் 10,000 கணக்குகளை 1987 முதல் 1993 வரை எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1998இல் வந்தது. இலாபத்தில் இருந்த பங்குகளை விற்கக் கிடைத்த சந்தர்ப்பங்களில் 14.8% வேளைகளில் விற்றிருந்தார்கள். நட்டத்தில் இருந்தவற்றை 9.8% வேளைகளில் மட்டுமே விற்றிருந்தார்கள். இதில் கசப்பான பகுதி அடுத்தது: விற்றுவிட்ட இலாபப் பங்குகள், விற்காமல் கட்டிப்பிடித்த நட்டப் பங்குகளைவிட அடுத்த ஒரு வருடத்தில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளி அதிகமாக ஓடின. நல்ல செடியைப் பிடுங்கிவிட்டுக் களைக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

அதே ஆய்வில் டிசம்பர் மாதம் மட்டும் கதை மாறுகிறது. நட்டத்தை விற்றுப் பதிவு செய்தால் வரியில் கழிக்கலாம் என்பதால் வருட முடிவில் அங்கே ஆக்கள் நட்டப் பங்குகளைத் தள்ளிவிடுகிறார்கள். நம்மிடம் அந்தத் தள்ளுதலும் இல்லை. கொழும்புச் சந்தையில் பட்டியலிட்ட பங்கை விற்று வரும் ஆதாயத்துக்கு வருமான வரி இல்லை, அதற்குப் பதில்தான் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் அந்த 0.30%. ஆதாயத்துக்கு வரி இல்லாதபடியால் நட்டத்தைக் காட்டி வரியில் மீட்பதற்கும் ஒன்றும் இல்லை. அதனால் இங்கே நட்டப் பங்கு வருடக்கணக்கில் கிடக்கிறது, கிளப்பிவிட ஒரு டிசம்பர் வருவதில்லை.

இரண்டாவது காரணம் உடைமைப் பற்று. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஆய்வுகூடத்தில் ஒரு கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டு எவ்வளவுக்கு விற்பாய் என்று கேட்டால், கோப்பை இல்லாதவன் கொடுக்கச் சம்மதிக்கும் விலையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கேட்கிறார்கள். கோப்பை ஒன்றுதான், கையில் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் வித்தியாசம். நம் ஆக்களிடம் இது இன்னும் ஆழம். காணியும் பவுணும்தான் நமக்குத் தெரிந்த சேமிப்பு. நகையை அடைவு வைப்போம், செட்டியார் தெருவுக்குப் போய் விற்பது குடும்பம் முறிந்துபோன அடையாளம். காணி விற்றால் ஊர் கதைக்கும். அந்தப் பழக்கம் அப்படியே சிடிஎஸ் கணக்குக்குள் வந்துவிடுகிறது. அப்பா விட்டுப்போன பங்கு, வேலை செய்து ஓய்வு பெற்ற கம்பனியின் பங்கு, வீட்டில் எல்லாரும் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் பங்கு என்றெல்லாம் பாசம் ஏறிவிடும். ஆனால் பவுணுக்கு நாளைக்கும் எடை உண்டு, காணிக்கு நாளைக்கும் எல்லை உண்டு. கடன் மூழ்கடித்த கம்பனியின் பங்குக்கு இரண்டும் இல்லை.

இதில் ஒரு சின்ன விஷயம், ஆனால் பலரை விழுத்துகிறது. ஜோன் கீல்ஸ் என்ற பெரிய கம்பனி 2024இல் தன் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது. 200 ரூபாய் அளவில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 20 ரூபாய் என்றதும் "அடிமட்ட விலை" போலத் தெரிந்தது. கம்பனி அதேதான், துண்டுதான் சின்னதாயிற்று. பிரிப்பு, உரிமை வழங்கல் (இருக்கும் பங்காளருக்குப் புதிய பங்கு விற்பது), பங்கிலாபமாகப் புதிய பங்கு என்று ஏதாவது நடந்தால் உங்கள் பழைய கொள்விலையையும் அதே கணக்கில் மாற்றி எழுதுங்கள். இல்லாவிட்டால் இல்லாத ஒரு விலையின்மேல் பாசம் வைத்துக் காத்திருப்பீர்கள்.

கூட்டத்தின் விஷயத்துக்கு வருவோம். கூட்டத்தைப் பின்பற்றுவது எடுத்த எடுப்பில் முட்டாள்தனம் இல்லை. தெரியாத ஊரில் எந்தக் கடையில் சனம் நிற்கிறதோ அங்கேதானே சாப்பிடுகிறோம். முதலாவது ஆளுக்கு உண்மையிலேயே ஏதோ தெரிந்திருக்கலாம். இரண்டாவது ஆள் தனக்குத் தெரிந்ததையும் முதலாவது ஆள் செய்ததையும் சேர்த்துப் பார்க்கிறார். ஐந்தாவது ஆள் வரும்போது தனக்குத் தெரிந்ததை ஒதுக்கிவிட்டு நான்கு பேர் வாங்கியதை மட்டும் பார்க்கிறார். அந்த இடத்திலிருந்து கூட்டத்தில் புதிய தகவல் ஒன்றும் சேர்வதில்லை, தலைகள் மட்டும் சேர்கின்றன. நூறு பேர் வாங்கியிருக்கிறார்கள் என்றால் நூறு பேர் ஆராய்ந்திருக்கிறார்கள் என்று பொருள் இல்லை. இரண்டு பேர் ஆராய்ந்திருக்கலாம். யாருமே ஆராயாமலும் இருக்கலாம்.

குழுக்களில் இது இன்னும் மோசம், ஏனென்றால் ஒரே செய்தி ஐந்து வழியாக வரும். டெலிகிராமில் ஒருவர் போட்டதை வைபரில் இன்னொருவர் போடுவார், அதைக் கொட்டாஞ்சேனையில் இருக்கும் மச்சான் போனில் சொல்வார், கந்தோரில் பக்கத்து மேசைக்காரரும் சொல்வார். நான்கு திசையிலிருந்து உறுதியானதுபோல இருக்கும். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. சொல்பவரிடம் "ஏன் ஏறும்?" என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லாரிடமும் பதில் உண்டு. "கடைசிக் காலாண்டுக் கணக்கில் கம்பனிக்குக் கடன் எவ்வளவு?" என்று கேளுங்கள். நான்கு பேரும் ஒரே வசனத்தைத் திருப்பிச் சொன்னால் ஊற்று ஒன்றுதான்.

சில வேளை கூட்டம் சரியாகவும் இருக்கும், ஆபத்து அங்கேதான் கூடுதல். எக்ஸ்போலங்கா பங்கு 2020 நடுப்பகுதியில் ஒற்றை இலக்க ரூபாயில் இருந்தது. கொரோனாக் காலத்தில் விமானச் சரக்குக் கட்டணம் எகிற, சரக்கு அனுப்பும் தொழிலில் இருந்த அந்தக் கம்பனியின் இலாபம் உண்மையாகவே பெருகியது. 2022 ஜனவரியில் பங்கு 300 ரூபாயைத் தாண்டி நின்றது. வாங்கியவர்களின் காரணம் சரியானது: சரக்குக் கட்டணம் ஏறுகிறது. அப்படியானால் விற்கும் காரணமும் அதற்குள்ளேயே இருந்தது: சரக்குக் கட்டணம் இறங்கினால். ஆனால் இடைவழியில் பலருக்குக் காரணம் மறந்துபோய்ப் பெயர்மேல் பற்று வந்துவிட்டது. கட்டணம் இறங்கத் தொடங்கியபோது அவர்கள் உலகக் கப்பல் செய்தியைப் பார்க்கவில்லை, குழுவைப் பார்த்தார்கள். குழுவில் எல்லாரும் "கைவிடாதே" என்றார்கள். இலாபத்தோடு உள்ளே போனவர்கள்கூட அதைத் திருப்பிக் கொடுத்தது அப்படித்தான். இன்று அந்தப் பங்கு சந்தைப் பட்டியலிலேயே இல்லை.

அந்த வருடங்களில் சுட்டெண் என்ன செய்தது என்றும் ஒருமுறை பார்க்க வேண்டும். அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2020 முடிவில் 6,774. 2021 முடிவில் 12,226. ஒரே வருடத்தில் 80%. ஏற்றத்தின் பெரிய பங்கை எல்ஓஎல்சி என்ற நிதிக் குழுமத்துப் பங்குகளும் எக்ஸ்போலங்காவும் தூக்கின. இந்தச் சுட்டெண் சந்தைப் பெறுமதி நிறையில் கணக்கிடப்படுவதால் பெரிய உருப்படி நாலைந்து ஏறினாலே மொத்தமும் ஏறியதாகக் காட்டும். "சந்தை பறக்கிறது" என்று கேட்டு அதில் இல்லாத ஏதோ ஒரு சில்லறைப் பங்கை வாங்கியவர்கள் ஏராளம். 2022 ஜனவரியில் சுட்டெண் 13,000ஐத் தாண்டியது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 18 முதல் 22 வரை ஆணைக்குழு சந்தையை மூடிவைத்தது. 25ஆம் திகதி திறந்தபோது இருபது பெரிய கம்பனிகளின் எஸ் அண்ட் பி எஸ்எல்20 சுட்டெண் 10%க்கு மேல் விழுந்து, விதிப்படி அன்றைய வர்த்தகம் அத்தோடு நிறுத்தப்பட்டது. அந்த வருடம் 8,489இல் முடிந்தது.

அதற்கு முன்னும் இதே படம் ஓடியிருக்கிறது. 2009 மேயில் போர் முடிந்தபின் அந்த வருடம் 125%, அடுத்த வருடம் 96% ஏறி, 2011 பெப்ரவரியில் 7,800ஐத் தொட்ட சுட்டெண், 2012 நடுப்பகுதியில் 5,000க்குக் கீழே கிடந்தது. இரண்டு முறையும் விழுகையை வேகப்படுத்தியதில் பங்கு வாங்க எடுத்த கடனுக்கும் கை உண்டு. கணக்கைப் பாருங்கள்: சொந்தக் காசு 5 இலட்சம், கடன் 5 இலட்சம், 10 இலட்சத்துக்குப் பங்கு. விலை 30% இறங்கினால் பங்கு 7 இலட்சம், கடன் அதே 5, சொந்தக் காசு 2 இலட்சம். 30% இறக்கம் உங்களுக்கு 60% நட்டம், வட்டி வேறு. எல்லை தாண்டினால் தரகரோ கடன் கொடுத்தவரோ உங்களைக் கேட்காமல் விற்றுவிடுவார், விலை பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார். அந்த விற்பனை விலையை இன்னும் இறக்கும், அடுத்தவரின் கடன் எல்லை தட்டும். கூட்டத்துக்குப் பயம் வராவிட்டாலும் கடன் கூட்டத்தை ஓடவைக்கும்.

பயந்து விற்ற கூட்டமும் தப்புச் செய்ததா? இதில் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. 2024 முடிவில் சுட்டெண் 15,944. அதைப் பார்த்து "2022இல் விற்றவன் மடையன்" என்பார்கள். ஆனால் 2022 இறுதியில் மூன்று மாதத் திறைசேரி உண்டியலின் (அரசாங்கம் வாங்கும் குறுகிய காலக் கடன்) வட்டி 30%ஐத் தாண்டியிருந்தது. பங்கை விற்று அங்கே போனவர் கணக்குப் பார்த்துப் போயிருக்கிறார். விற்றுவிட்டு வீட்டில் பேசாமல் இருந்தவரும், கீழே விற்று மேலே திரும்ப வாங்கியவரும் வேறு ஆக்கள். ஒரே நாளில் ஒரே பொத்தானை அழுத்தியிருந்தாலும் முடிவு ஒன்றில்லை.

கொழும்புக்கே உரிய சிக்கல் இனித்தான். நம் சந்தையின் வாசல் சின்னது. உள்ளே போகும்போது ஒவ்வொருவராக ஒரு மாதமாகப் போகலாம், வெளியே வரும்போது எல்லாரும் ஒரே காலையில் வருவார்கள். ஒரு பங்கில் ஒரு நாளைக்குச் சராசரியாக 20,000 கைமாறுகிறது என்று வையுங்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 4,000 வரை விலையைப் பெரிதாகக் குலைக்காமல் நீங்கள் விற்கலாம் என்பது என் கைக்கணக்கு. உங்கள் 10,000ஐ விற்க மூன்று நாள் வேண்டும். 50,000 வைத்திருந்தால் இரண்டரை வாரம், அதுவும் வேறு யாரும் விற்காவிட்டால். எனவே விற்கும் முடிவின் பாதி, எத்தனை வாங்குகிறோம் என்ற அன்றைக்கே எடுக்கப்பட்டுவிடுகிறது. கடந்த 20 நாள் சராசரி அளவைப் பார்க்காமல் எண்ணிக்கை தீர்மானிக்காதீர்கள்.

மலிவுப் பங்குகளில் இன்னொரு பொறி உண்டு. விலை 10 சதமாகத்தான் நகரும். வாங்க நிற்பவர் 2.50இல், விற்க நிற்பவர் 2.60இல் என்று இருக்கும் பங்கை 2.60க்கு வாங்கிய அடுத்த நிமிடம் 2.50க்கு விற்றால், கட்டணம் எல்லாம் போக கிட்டத்தட்ட 6% நட்டம். விலை அசையவே இல்லை, 6% போய்விட்டது. "10 சதம்தானே" என்று இறங்குகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. வாங்கியதும் சிவப்பு, சிவப்பு என்பதால் விற்க மனமில்லை. பற்று அந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

விலை ஏறுவதைப் பார்க்கும்போது கடைசி விலையை மட்டும் பார்க்காமல் அந்த விலையில் எத்தனை பங்கு போனது என்று பாருங்கள். 31.00இல் 40,000 போன பங்கில் திடீரென்று 32.50க்கு ஒரே ஒரு பங்கு, 33க்கு ஐந்து பங்கு என்று நடந்தால் திரை பச்சையாகும், சந்தை ஏறவில்லை. அதேபோல வாங்கும் பக்கத்தில் கீழே வாங்கும் கட்டளைகள் ஒரு பெரிய மலையாக நிற்கும், விலை அதை நெருங்கியதும் காணாமல் போகும். வாங்க ஆள் நிற்பதுபோலப் போலியாகக் காட்டி விலையை ஆட்டுவது 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கப் பிணையங்கள் ஆணைக்குழுச் சட்டப்படி குற்றம்தான். ஆனால் வழக்கு முடியும்வரை உங்கள் காசு காத்திருக்காது.

கூட்டத்தை எதிர்த்துச் சோதிக்கக் கையில் உள்ள நல்ல கருவி காலாண்டுக் கணக்கின் கடைசிப் பக்கங்கள். முதல் மூன்று காலாண்டுக் கணக்குகளையும் காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் கம்பனி சந்தைக்குக் கொடுக்க வேண்டும். அதில் முதல் இருபது பங்காளர்களின் பட்டியல் இருக்கும். போன காலாண்டுப் பட்டியலையும் இந்தக் காலாண்டுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இருபது பேரின் எண்ணிக்கையும் கூடியதா குறைந்ததா என்று பென்சிலால் குறியுங்கள். கால் மணி நேர வேலை. குழு வாங்கு வாங்கு என்று கத்திய மாதங்களில் பெரிய கைகள் குறைத்திருந்தால், நீங்கள் வாங்கியது யாரிடமிருந்து என்று விளங்கும். இன்னொன்று: பட்டியலில் ஒரு வங்கியின் பெயரும் சாய்கோடும் அதற்குப் பிறகு ஓர் ஆளின் பெயரும் இருந்தால் அது பெரும்பாலும் கடனில் வாங்கி ஈடாக வைத்த பங்கு. இருபதில் அப்படி ஏழெட்டு இருந்தால் அந்தப் பங்கு விழும்போது வேகமாக விழும். "ஊழியர் சேமலாப நிதி வாங்கியிருக்கு" என்று யாராவது சொன்னாலும் இதே பட்டியல்தான் சாட்சி, அதுவும் காலாண்டின் கடைசி நாள் நிலவரம். நீங்கள் பார்க்கும்போது ஒன்றரை மாதம் பழசாகியிருக்கலாம். பணிப்பாளர்கள் வாங்கி விற்றதற்கான அறிவித்தல்கள் சந்தையின் இணையத்தளத்தில் தனியாக வரும், அதையும் பாருங்கள்.

அடுத்த முறைக்கு: மன உறுதியை நம்பி இதில் இறங்காதீர்கள். காலை 9.30க்குச் சந்தை திறந்து விலை ஓடும்போது யாருக்கும் மன உறுதி இருப்பதில்லை. வாங்குவதற்கு முதல் நாள் இரவு ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதுங்கள். ஏன் வாங்குகிறேன், ஒரே வசனத்தில், எண்ணோடு. எது நடந்தால் அந்தக் காரணம் பொய்யாகும். எந்த விலையில், காரணம் எதுவானாலும், வெளியேறுவேன். எத்தனை நாளில் விற்று முடிக்க முடியும். இரண்டாவதை எழுத முடியாவிட்டால் உங்களிடம் காரணம் இல்லை, கூட்டம்தான் இருக்கிறது. "நல்ல கம்பனி" என்பது காரணம் ஆகாது. "அடுத்த இரண்டு காலாண்டில் கடன் வட்டி குறைந்து பங்கொன்றுக்கான இலாபம் கூடும்" என்பது காரணம், ஏனென்றால் கணக்கு வந்ததும் சரியா பிழையா என்று சொல்லிவிடலாம். தாளில் திகதி போட்டு வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். உங்களிடமே இருந்தால் வெளியேறும் விலையை மெல்ல மெல்லக் கீழே எழுதிக்கொண்டு போவீர்கள்.

சராசரி குறைப்பது எப்போதும் தப்பு என்று சொல்லமாட்டேன். முதலிலேயே மூன்று தவணையில் வாங்கத் திட்டமிட்டு, முதல் தவணைக்கு மூன்றில் ஒரு பங்கு காசு மட்டும் போட்டு, இடையில் வந்த காலாண்டுக் கணக்கு உங்கள் வசனத்தை மெய்யாக்கியிருந்தால், இறங்கிய விலையில் இரண்டாவது தவணை வாங்கலாம். திட்டத்தில் இல்லாமல், விலை இறங்கிய ஒரே காரணத்துக்காக வாங்குவதுதான் விட்டதைப் பிடிக்கும் வேலை.

இனி உங்கள் 10,000. வழக்கமாக எல்லாரும் சொல்லும் சோதனை, "கையில் 1,68,096 ரூபாய் காசாக இருந்தால் இன்று இதே பங்கை வாங்குவாயா?" என்பது. நல்ல கேள்விதான், ஆனால் ரோஷத்தில் "வாங்குவேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். அதனால் இப்படிச் செய்யுங்கள். இந்தப் பங்கையும், இதே துறையில் இன்னும் இரண்டு பங்கையும் ஒரு நிலையான வைப்பின் இன்றைய வட்டியையும் எடுத்து, பெயர்களை மறைத்து, கடன், கடந்த நான்கு காலாண்டு இலாபம், பங்கிலாபம், இன்றைய விலை, நாளாந்த அளவு ஆகியவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதி, இந்தப் பங்கைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். கொள்விலை அந்தத் தாளில் எங்கேயும் இருக்கக்கூடாது. உங்கள் பங்கு முதலாவதாக வந்தால் வைத்திருக்கக் காரணம் உண்டு, நான்கு விஷயத் தாளை இன்றைய திகதியில் 17 ரூபாயை வைத்துப் புதிதாக எழுதுங்கள். கடைசியாக வந்தால் விற்க வேண்டும்.

விற்பதென்றால் ஒரே தடவையில் சந்தை விலைக்குத் தள்ளாதீர்கள். குறைவாகக் கைமாறும் மெல்லிய பங்கில் அது நான்கு படி (ஒரு படி 10 சதம்) கீழே போய்த்தான் நிரம்பும். விலை குறித்த கட்டளை போடுங்கள்: முதல் நாள் 4,000, வாங்க நிற்பவரின் விலையில் அல்லது அதற்கு ஒரு படி மேலே, அன்றைக்கு மட்டும் செல்லுபடியாகும்படி. மதியம் 2 மணிக்குள் போகாவிட்டால் ஒரு படி இறக்குங்கள், 2.30க்குச் சந்தை மூடிவிடும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் மீதி. மனம் இடம் கொடுக்காவிட்டால் முதலில் பாதியை மட்டும் விற்றுவிட்டு இரண்டு நாள் இருங்கள். பெரும்பாலானவர்களுக்கு மற்றப் பாதியில் பிடிப்பு தானாக விடும், ஏனென்றால் அந்த 28.70 அத்தோடு உடைந்துவிடுகிறது. தானாக நட்டத்தை நிறுத்தும் கட்டளை உங்கள் தரகரிடம் இருந்தாலும் இப்படிப்பட்ட பங்கில் அதை நம்பியிருக்காதீர்கள். விலை தட்டும்போது எதிரே வாங்க ஆள் நிற்க வேண்டுமே.

விற்கும் இந்த மூன்று நாளும் குழுவின் ஒலியை நிறுத்தி வையுங்கள், விலகத் தேவையில்லை. விற்றேன் என்று அங்கே எழுதவும் வேண்டாம், பதில் சொல்லப் போய்த் திரும்ப வாங்கியவர்கள் உண்டு. விற்ற பணம் இரண்டு வேலை நாள் கழித்துத் தரகர் கணக்கில் வரும். வந்த அன்றைக்கே வங்கிக் கணக்குக்கு மாற்றச் சொல்லித் தரகரின் ஆலோசகருக்கு எழுதிவிடுங்கள். அங்கேயே கிடந்தால் அடுத்த செய்தி வரும் காலையில் அந்த 1,68,096 இன்னொரு பங்கின் பெயரில் நிற்கும்.